ஊருக்குப் போனவர்களின் வரவு செலவு

நகரத்து வேலையை உதறிவிட்டுக் கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய ஒருவரின் கதையை ஏதேனும் ஒரு பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். கணினி நிறுவனத்தில் இருந்தவர், வங்கி மேலாளராக இருந்தவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர். படத்தில் தோளில் ஒரு துண்டு, பின்னால் ஒரு நாட்டு மாடு. தலைப்பில் ஏக்கருக்கு இத்தனை லட்சம் லாபம் என்று இருக்கும். நிலம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, முதல் மூன்று வருடம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது மட்டும் இருக்காது. இந்தச் சொற்பொழிவு விடுபட்டுப்போன அந்தப் பக்கத்தைப் பற்றியது.

அந்தப் பக்கத்தை ஒளிக்காமல் அச்சிட்டவர் ஒருவர் உண்டு. 1845 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் கான்கார்டு ஊருக்கு வெளியே, வால்டன் குளக்கரைக் குடிலில் குடியேறிய ஹென்றி டேவிட் தோரோ. குடில் கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று பலகை, ஆணி, சுண்ணாம்பு வரை கணக்கு எழுதி வைத்தார். ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் நிலத்தில் பெரும்பாலும் அவரை பயிரிட்டார். செலவு போக அந்த ஆண்டு நிலம் கொடுத்த லாபம் 8 டாலர் 71½ சென்ட். அதே காலத்தில் ஊருக்குள் நில அளவை, தச்சு வேலை, கூலி வேலை என்று செய்து அவர் சம்பாதித்தது 13 டாலர் 34 சென்ட். நிலமோ அவருடையதல்ல, நண்பர் எமர்சனுடையது. உழவுக்கு ஆளையும் ஏரையும் வாடகைக்குத்தான் பிடித்தார்.

அவர் எழுதிய 'வால்டன்' நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடும் பலரும் இந்த இரண்டு தொகைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. தனிமையின் திருத்தூதரான தோரோவுக்கே காட்டுக்குள் விளைந்ததைவிட ஊருக்குள் செய்த வேலைதான் அதிகம் கொடுத்தது. அதை மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை.

அடுத்த கணக்கு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அதில் தமிழர்களுக்கும் பங்குண்டு. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலொன்றைப் படித்து முடித்த காந்தி, அதே ஆண்டில் டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில், ஃபீனிக்ஸில் நூறு ஏக்கரை ஆயிரம் பவுனுக்கு வாங்கினார். 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகம் அங்கே பெயர்ந்தது. அப்போது அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. குடியேறியவர்களுக்குத் தலைக்கு மூன்று ஏக்கர். நிறம், நாடு பாராமல் எல்லோருக்கும் மாதம் மூன்று பவுன் படி. மண் குடிசை கட்டிக் குடியானவர்களைப் போல வாழ வேண்டும் என்பது காந்தியின் ஆசை. நடந்ததோ தகரக் கொட்டகைதான்.

அந்த மூன்று பவுன் அச்சகத்திலிருந்து வந்தது. அச்சகமோ, காந்தி வழக்காடிச் சம்பாதித்ததை விழுங்கிக்கொண்டுதான் ஓடியது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் வரை அனுப்பியதாக அவரே தன் வரலாற்றில் எழுதுகிறார். ஃபீனிக்ஸ் வயலில் விளைந்தவை ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தின் நிழலில்தான் விளைந்தன என்று சொன்னால் மிகையில்லை.

1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை இதைவிடத் தெளிவான பாடம். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் ரொக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு தேவை வேறு, கேட்கும் தொகை வேறு. நிதி கரைந்துகொண்டே போனது. எல்லோரையும் ஓரிடத்தில் குடிவைத்து, பொது அடுப்பில் சமைத்து, வேலையைப் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம் என்ற யோசனையில் பிறந்ததுதான் பண்ணை. கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக் 1,100 ஏக்கரை வாங்கி, போராட்டம் நடக்கும் வரை வாடகையின்றி வைத்துக்கொள்ளும்படி கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். லாலி ரயில் நிலையம் அருகில். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறு, ஓர் ஊற்று, ஐந்தாறு பேர் தங்கக்கூடிய ஒரு சிறு வீடு: வாங்கும்போதே இவ்வளவும் இருந்தன. அதற்குமுன் இந்தியாவிலிருந்து ரத்தன் டாட்டா அனுப்பிய 25,000 ரூபாயும் போராட்ட நிதிக்கு வந்து சேர்ந்திருந்தது.

அங்கே வந்து தங்கியவர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தி. அவருக்குத் தெரிந்த தமிழ் கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் கையேட்டைப் படித்து வந்த தமிழ். வாத்தியாரைவிடப் பிள்ளைகள் நன்றாகப் பேசிய வகுப்பு அது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர் நடந்துதான் போக வேண்டும் என்பது பண்ணையின் விதி. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் காலையில் ஊர் போய்ச் சேரலாம். வழிச்சாப்பாட்டுக்குப் பண்ணையில் கைத்திரிகையில் அரைத்த மாவில் சுட்ட ரொட்டி, பண்ணையிலேயே அரைத்த நிலக்கடலை வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் செய்த ஜாம். நகரத்தில் காசு கொடுத்து எதையும் தின்னவேண்டியதில்லை. செருப்புத் தைக்க மரியான்ஹில் துறவி மடத்துக்குப் போய்க் கற்றுவந்தார் காலன்பாக்; அவரிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள். வேலைக்காரர் கிடையாது. கழிவு முழுவதும் குழியில் புதைந்து எருவானது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். பண்ணை எதையும் பெரிதாக விற்றுப் பணமாக்கவில்லை. அதன் சாமர்த்தியம் செலவைக் குறைத்ததில்தான் இருந்தது. நிலம் இலவசம், நிதி நன்கொடை, உழைப்பு சொந்தம் என்று மூன்றும் சேர்ந்ததால் 1913 தொடக்கம் வரை ஓடியது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓடியிருக்காது. கிராம வாழ்க்கையால் வருமானம் பெருகும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பண்ணையின் கதையை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

இனி அமெரிக்காவுக்கு. உலகம் முழுவதும் நகரத்தை விட்டு மண்ணுக்குப் போகிறவர்கள் குருவாக வைத்துக்கொள்ளும் தம்பதியர் ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங். ஸ்காட் பொருளாதாரப் பேராசிரியர். தன் கருத்துகளுக்காக 1915-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காகக் கூண்டில் ஏறி விடுதலையானவர். ஹெலன் பிரம்மஞான சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் இளமைக்கால நண்பர். 1932-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், நியூயார்க்கை விட்டு வெர்மான்ட் மலைப்பகுதிக்குப் போனார்கள். ஒரு பாழடைந்த பண்ணை, 65 ஏக்கர், 1,100 டாலர். கையிலிருந்து கொடுத்தது 300, மீதி அடமானக் கடன்.

அவர்களுடைய ஒழுங்கு பெயர் பெற்றது. நாளில் நான்கு மணி நேரம் வயிற்றுக்கான உழைப்பு, நான்கு மணி நேரம் படிப்பும் எழுத்தும். இறைச்சி இல்லை, வளர்ப்பு விலங்கு இல்லை. கல்லாலான வீட்டைத் தாங்களே கட்டினார்கள். காய்கறி முழுவதும் தோட்டத்திலிருந்து வந்தது. ஆனாலும் வரி கட்ட, ஆணி வாங்க, லாரிக்கு எண்ணெய் போட ரொக்கம் வேண்டுமே. அதற்குத்தான் மேப்பிள் பாகு. குளிர்காலம் முடியும் வாரங்களில் மேப்பிள் மரத்தைத் துளையிட்டு வடியும் நீரைக் காய்ச்சினால், 40 காலன் நீருக்கு ஒரு காலன் பாகு தேறும். நம் ஊர்ப் பனங்காட்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற அதே வேலை, அதே விறகுப் புகை. ஒரு பருவத்தின் சில வார வேலை அவர்களுடைய ஓராண்டுக் கைச்செலவைத் தாங்கியது. 1950-இல் இருவரும் சேர்ந்து மேப்பிள் சர்க்கரையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்கள். 1954-இல் வந்த 'லிவிங் த குட் லைஃப்' அவர்களுடைய வாழ்க்கைக் கணக்கு. 1970-இல் மறுபதிப்பு வந்தபோது அமெரிக்க இளைஞர்கள் அதை வேதம்போலக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குள் தம்பதியர் வெர்மான்ட்டை விட்டிருந்தார்கள். பக்கத்தில் பனிச்சறுக்கு விளையாட்டுத் தலம் வரப்போகிறது என்று தெரிந்து, 1952-இல் மேய்ன் மாநிலக் கடலோரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ரொக்கப் பயிர் புளூபெர்ரி. புத்தகம் படித்தவர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கையில் ஒரு மண்வெட்டி கொடுக்கப்பட்டது. ஸ்காட் நூறு வயது நிறைந்து சில நாட்களில், 1983 ஆகஸ்டில் மறைந்தார்.

அவர்களுடைய பக்கத்து நிலத்தில் குடியேறியவர்களில் ஒருவரான ஜீன் ஹே பிரைட் பின்னாளில் எழுதிய நூல், கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. தம்பதியர் இருவருக்கும் வெவ்வேறு காலங்களில் வாரிசுப் பணம் வந்திருந்தது; சொற்பொழிவுக் கட்டணமும் வந்தது. அவர்களுடைய புத்தகத்தை நம்பி, ஒரு பைசா சேமிப்பில்லாமல் காட்டுக்குப் போன இளைஞர்களுக்கு இது தெரியாது. அப்படிப் போன பலர் சில ஆண்டுகளில் நகரத்துக்குத் திரும்பினார்கள். நியரிங் தம்பதியர் ஏமாற்றினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு மணி நேரம் உழைத்தார்கள், பாகு காய்ச்சினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் வரவுப் பத்தியில் ஒரு வரியை எழுதாமல் விட்டார்கள், அதை நம்பிப் பிறர் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிட்டார்கள். அது சின்னக் குறையல்ல.

நின்று காட்டியவரும் உண்டு. எலியட் கோல்மன் 1968-இல் நியரிங் தம்பதியரிடமிருந்தே ஏக்கர் 33 டாலருக்கு 60 ஏக்கர் வாங்கினார். தோட்டக்கலையைத் தொழிலாகவே கற்றார். பனி உறையும் மேய்ன் மாநிலத்தில் சூடேற்றாத கூடாரத்துக்குள் குளிர்காலக் காய்கறி விளைவித்துப் பெயர் பெற்றார். அவர் வாழ்க்கையை மண்ணிடம் மட்டும் விட்டுவைக்கவில்லை. எழுதினார், கற்பித்தார், கருவிகளை வடிவமைத்தார்.

ஜப்பானின் மசனொபு ஃபுகுவோகாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழில் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். யோகோஹாமா சுங்கத்துறையில் தாவரச் சோதனை அதிகாரியாக இருந்தவர், இருபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குத் திரும்பினார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் பின்னி, பூச்சி ஏறி, நூற்றுக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அதன்பின் மறுபடியும் அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து, போர் முடியும் வரை அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகுதான் நாம் அறிந்த ஃபுகுவோகா. நிலம் அப்பாவுடையதாக இல்லாமல் கடன் வாங்கிய பணத்தில் வந்ததாக இருந்திருந்தால், அந்தப் பரிசோதனையோடு கதை முடிந்திருக்கும்.

இவர்களில் சந்தை விலை முழுவதையும் கொடுத்து நிலம் வாங்கியவர் எத்தனை பேர்? தோரோ நண்பரிடம் இரவல் வாங்கினார். காலன்பாக் இலவசமாகக் கொடுத்தார். ஃபுகுவோகாவுக்கு அப்பா சொத்து. நியரிங் தம்பதியர் பெருமந்தக் காலத்தில் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். தமிழ்நாட்டில் இன்று போகிறவரின் முதல் சிக்கல் இங்கேதான். விலை விளைச்சலைப் பார்த்து ஏறுவதில்லை, தார்ச்சாலையைப் பார்த்து ஏறுகிறது. ஒரு பேச்சுக்கு ஏக்கர் 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை ஆறு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அதே ஏக்கரில் 70 தென்னை வைத்து, மரத்துக்கு 100 காய் என்று நல்ல கணக்கே போட்டு, காய் 15 ரூபாய்க்கு விற்றாலும் 1,05,000 ரூபாய்தான். அதில் எரு, பறிகூலி, தண்ணீர்ச் செலவைக் கழிக்க வேண்டும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நம் விவசாயி எப்படிப் பிழைக்கிறார்? மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2018–19 வேளாண் ஆண்டை வைத்து விவசாயக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளம் 4,063. பயிரிலிருந்து 3,798. கால்நடையிலிருந்து 1,582. மீதி சிறு வணிகமும் குத்தகையும். பிறந்ததிலிருந்து மண்ணை அறிந்தவர், அப்பன் பாட்டன் நிலத்தில், விலை கொடுக்காமல் உழுகிறவர் நிலை இது: பயிரைவிடக் கூலியில் அதிகம் வருகிறது. பட்டணத்திலிருந்து வருகிறவர் பயிரை மட்டும் நம்பி வருகிறார் என்றால், ஊர்க்காரருக்கே கொடுக்காததை மண்ணிடம் கேட்கிறார் என்று பொருள். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு என்கிறது 2015–16 வேளாண் கணக்கெடுப்பு. ஆடு, கோழி, டீக்கடை, கட்டட வேலை என்று அந்தக் குடும்பம் ஐந்து வழியில் கால் பதித்து நிற்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் பயின்ற தணிக்கையாளர். பம்பாயில் தொழில் நடத்தியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். காந்தியைச் சந்தித்தபின் குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவு விசாரித்து அறிக்கை எழுதினார். பின்பு வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். எண்ணெய்ச் செக்கு, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், கைக்குத்தல் அரிசி. கிராமம் பயிரால் மட்டும் பிழைக்காது, விளைந்ததைப் பொருளாக்கும் வேலையும் கிராமத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பொருளாதாரத்தின் முதுகெலும்பு. கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து வாழ்ந்தார். இன்று ஊருக்குப் போகும் இளைஞர்கள் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை 1969-இல் உதறிய இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரைச் சொல்வார்கள். சொல்லட்டும், அவர் மண்ணைக் காட்டியவர். கணக்கைக் காட்டிய குமரப்பாவையும் கூடவே படிக்க வேண்டும்.

போகிறவர்கள் ஊரில் சந்திக்கும் நடைமுறைகளையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. துபாயில் இருந்துகொண்டே தன் பெயருக்குத் தோட்டம் வாங்க நினைப்பவர் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள்கூடப் புல வரைபடத்தை விட்டுவிடுகிறார்கள். வண்டிப்பாதை யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்று அதில்தான் தெரியும். கொங்குப் பகுதியில் கிணற்றில் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். எந்தக் கிழமை யாருக்குத் தண்ணீர் முறை என்பது பத்திரத்தில் இல்லாமல் ஊர் வாயில் இருக்கும். விவசாய மின்சாரம் இலவசம்தான். இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் வரிசை நீளம். அந்த இணைப்பில் தோட்டத்து வீட்டுக்கு விளக்கு போடவும் கூடாது.

ஆள் பற்றாக்குறை பற்றி வந்தவர்கள் ஓயாமல் புலம்புகிறார்கள். களையெடுக்க ஆள் இல்லை, வந்தாலும் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று. விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுமுன் கிளம்புகிறவர் முறையாகத்தான் வேலை செய்கிறார். அலுவலக நேரத்தை வயலில் எதிர்பார்ப்பது வந்தவரின் பிழை. டால்ஸ்டாய் பண்ணையில் வேலைக்காரர் இல்லை என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளலாம். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் ஐந்து ஏக்கரும், தானும் குடும்பமும் இறங்கிச் செய்யும் அரை ஏக்கரும் வேறு வேறு தொழில்கள்.

இவ்வளவும் கேட்டால் ஊருக்குப் போகவே வேண்டாம் என்று சொல்வதாகத் தோன்றலாம். அப்படியில்லை. வீட்டுக்குத் தேவையான கீரை, காய், முட்டை, பால் இவற்றை அரை ஏக்கரில் எடுத்துவிட முடியும். வாடகை மிச்சம், போக்குவரத்து மிச்சம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 முருங்கை விதைத்த ஆறாம் மாதத்தில் காய்க்கத் தொடங்கும். உழவர் அடையாள அட்டை வாங்கினால், 1999 முதல் நடக்கும் உழவர் சந்தையில் இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம். ஊர் செலவைக் குறைத்துக் கொடுக்கும். ரொக்கத்தைக் கொண்டுவரும் வேலை, அது மாவு மில்லோ, மரச்செக்கோ, கணக்கு எழுதுவதோ, மடிக்கணினியில் செய்யும் பழைய வேலையோ, தனியே வேண்டும். மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், பிள்ளைக்குப் பள்ளி எது என்ற கேள்விகளை வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் முடிவெடுத்தவர்கள் திரும்பி வருவதுதான் அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலையை விடுவதற்கு முன் நிலம் வாங்காதீர்கள். நிலம் வாங்குவதற்கு முன் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு முழுப் போகம் நீங்களே இறங்கிச் செய்யுங்கள். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து நில உடைமையாளர் எழுத்தில் கொடுக்கத் தயங்குவார். தெரிந்தவர் மூலம், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பேசி முடியுங்கள். அந்தப் போகத்தின் வரவையும் செலவையும் தோரோ எழுதியதுபோல அரைக் காசு வரை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி போட்டு எழுதுங்கள். மூன்று ஆண்டுக் குடும்பச் செலவு கையிருப்பில் இருந்து, அந்த நோட்டைப் படித்த பிறகும் உங்கள் வீட்டார் சம்மதித்தால், அப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.